முப்பத்தேழாம் நம்பர் காயில்

பத்தொன்பது நாளாக அந்த வீட்டில் பேச்சு எல்லாம் மாமனார் நடேசன் வழியாகத்தான் போய்வந்துகொண்டிருந்தது.

“டப்பாவ எடுத்துக்கச் சொல்லு” என்று சுந்தராம்பாள் அடுப்பைப் பார்த்துச் சொன்னாள்.

மருமகள் கலைமதி மூன்றடி தள்ளி நின்றுதான் ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்காமல் இல்லை. இருந்தாலும் நடேசன் வாயிலிருந்த பிரஷை எடுத்துவிட்டு, “கலைம்மா, டப்பாவ எடுத்துக்கோ” என்றார்.

“எடுத்துக்கிட்டேன்னு சொல்லுங்க மாமா.”

“எடுத்துக்கினாளாம்.”

“எனக்கும் காது கீது” என்றாள் சுந்தராம்பாள்.

விடிகாலை ஐந்தே கால் மணி. சேரப்பணஞ்சேரி மெயின் ரோட்டுக்கு ஐந்தரைக்குக் கம்பெனி பஸ் வந்துவிடும். மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரே பஸ், ஒரே ஷிஃப்ட், ஒரே ஷெட். மாமியார் கான்ட்ராக்ட் ஆள். பெரிய மின் எந்திரங்களுக்கான செம்புக் காயிலுக்கு மைக்கா டேப் சுற்றுகிறவள். மருமகள் டிப்ளமா படித்த பர்மனென்ட் இன்ஸ்பெக்டர். சுற்றியது சரியா என்று அளந்து பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவள். வீட்டில் மாமியார் சொன்னால் சொன்னதுதான். கேட்டைத் தாண்டிவிட்டால் மருமகளை ‘மேடம்’ என்று கூப்பிட வேண்டும்.

இந்த ஏற்பாடு ஒரு வருஷம் நன்றாகவே ஓடியது, முப்பத்தேழாம் நம்பர் காயில் வரும் வரைக்கும்.

ஒவ்வொரு காயிலுக்கும் இத்தனை சுற்று என்று கணக்கு உண்டு. அன்றைக்கு சுந்தராம்பாள் கணக்கை முடித்தபோது உருளையில் கொஞ்சம் டேப் மிச்சம் இருந்தது. வெட்டி எறிய மனசு வரவில்லை. படப்பை சந்தையில் கத்தரிக்காய் விற்ற காலத்தில், ஒவ்வொரு கூறுக்கும் ஒரு கொத்துக் கறிவேப்பிலை கொசுறு போட்ட கை அது. மிச்சத்தையும் சேர்த்துச் சுற்றிவிட்டாள். காயில் அரை மில்லிமீட்டர் தடித்துப்போய், கலைமதி வைத்த அளவுச் சட்டத்துக்குள் நுழையமாட்டேன் என்று நின்றது. பன்னிரண்டு பெண்கள் பார்க்க, கலைமதி அதில் சிவப்புச் சீட்டை ஒட்டினாள்.

பிரித்து மறுபடி சுற்ற இரண்டு நாள் ஆனது. பேச்சு அன்றோடு நின்றது. அன்று கலைமதியும் கோபத்தில் புருஷன் ஸ்ரீதரிடம் என்னவோ சொன்னாள். அவன் “ம்” என்றான். அதற்கப்புறம் அவனும் அதை எடுக்கவில்லை. அவளுக்கும் மறந்தே போய்விட்டது.

“ந்தா, எலுமிச்சம்பழத்த மறந்துறாதே” என்று சுந்தராம்பாள் வாசலில் நின்று சொன்னாள். இதை மட்டும் புருஷனுக்கென்றே சொன்னாள்.

கம்பெனி கேட்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பதால், பூஜைச் சாமான் வாங்கித் தரும் பொறுப்பு எப்போதும் நடேசனுடையது.

“எத்தினி?”

“சக்கரத்துக்கு ஒண்ணு.”

“அப்ப நாலு. தெரியாதா எனக்கு?”

“மாமா, அது லாரி இல்ல, ட்ரெய்லர்” என்றாள் கலைமதி. “நூத்தி இருபத்தெட்டு சக்கரம்.”

நடேசன் வாயில் இருந்த நுரையோடு அப்படியே நின்றார். பஸ் ஹாரன் கேட்டது.

*

பஸ்ஸில் ஒருவருக்கும் தூக்கம் வரவில்லை. மற்ற நாளில் ஒரகடம் வருவதற்குள் பாதிப் பேர் தலையை ஜன்னலில் முட்டிக்கொண்டு தூங்குவார்கள். இன்றைக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

எட்டு மாதமாகச் சுற்றி, கட்டி, அடுக்கிய எந்திரத்துக்கு இன்றைக்கு ஹைவோல்டேஜ் டெஸ்ட், வழக்கத்துக்கு மேல் வோல்டேஜ் ஏற்றிப் பார்ப்பார்கள். தாங்கினால் சாயந்திரம் ட்ரெய்லரில் ஏறும். விருதுநகருக்கும் தெற்கே ஒரு பெரிய துணைமின்நிலையத்துக்குப் போகும். தாங்காவிட்டால் பிரிக்க வேண்டும்.

“ஏம்மே கலை, அம்மாம் பெரிய எந்திரம் அங்க போயி இன்னாத்த ஓட்டும்?” என்று பின் சீட்டிலிருந்து செங்கமலம் கேட்டாள். அவளும் டேப் சுற்றுகிறவள்தான். எட்டு மாதமாகக் கேட்க நினைத்து, இன்றைக்குத்தான் கேட்டாள்.

“எதையும் ஓட்டாதுக்கா. ஒரே வேகத்துல சும்மா சுத்திக்கிட்டே இருக்கும்.”

“சும்மாவா? எங்க வூட்டுக்காரரு மாதிரியா?”

பஸ்ஸே சிரித்தது. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து கலைமதி சொன்னாள். “தெக்க காத்தாடியும் சோலாரும் நெறைய கரண்ட் குடுக்குது. திடீர்னு மேகம் மூடும், காத்து நிக்கும். அந்த ஒரு நொடி லைன் தடுமாறும். ஒரு எடத்துல விட்டா, ஊர் ஊரா அணைஞ்சுக்கிட்டே போவும். அப்ப இது தன்னோட சுத்தற வேகத்துலயே லைனை இழுத்துப் புடிச்சு நிறுத்தும். அந்த ஒரு நொடிக்காகத்தான் வருஷம் பூரா சுத்துது.”

“அப்ப எங்க வூட்டுக்காரரு மாதிரி இல்ல” என்றாள் செங்கமலம்.

முன் சீட்டில் சுந்தராம்பாளின் தோளும் குலுங்கியது. மருமகள் பேச்சுக்குச் சிரித்துவிட்டோம் என்று தோன்றியதும் நிறுத்திக்கொண்டாள்.

அவள் மனசு வேறொரு கணக்கில் இருந்தது. எந்திரத்தின் வெளிக்கூடு, அதாவது ஸ்டேட்டர், இங்கேதான் தயாராகிறது. அதற்குள் சுழலும் ரோட்டரை அங்கே கொண்டுபோய்த்தான் நுழைப்பார்கள். கடைசி இணைப்புகளுக்கு டேப் சுற்ற இங்கிருந்து நாலு பெண்கள் நாற்பத்தைந்து நாளுக்குப் போகவேண்டும். டெஸ்ட் முடிந்ததும் பட்டியல் வரும். யாருடைய காயில் டெஸ்டில் கருகுகிறதோ அவர்கள் பேர் இருக்காது. இருக்கும் பேருக்கு எதிரிலும் இன்ஸ்பெக்டர் கையெழுத்து வேண்டும்.

மூன்று வருஷமாகச் சுற்றுகிறாள். அவள் கை பட்ட எந்திரம் ஒன்றுகூட ஓடி அவள் பார்த்ததில்லை. எல்லாம் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போய்விடும்.

“ஒரு வாட்டி ஓடறத கண்ணால பாத்துடணும் செங்கமலம்” என்று நேற்று கேன்டீனில் சொல்லியிருந்தாள். “அதுக்கு மேல வேலைய வுட்டு நிறுத்துனாலும் நின்னுடுவேன்.”

அந்தப் பேச்சு எப்படியோ கலைமதியின் காதுக்கும் வந்திருந்தது.

*

காயில் சுற்றும் வைண்டிங் ஹால் வாசலில் ஒரு இரும்புக் கதவு. அதன் உள்பக்கம் வரிசையாக ஸ்டிக்கர் பொட்டுகள் ஒட்டியிருக்கும், சிவப்பு, மெரூன், கறுப்பு. உள்ளே போகும் பெண்கள் நெற்றியிலிருந்து எடுத்துக் கதவில் ஒட்டிவிட்டுப் போவார்கள். வெளியே வரும்போது அவரவர் பொட்டை அவரவர் எடுத்துக்கொள்வார்கள். இதுவரை மாறிப்போனதில்லை.

பக்கத்தில் நோட்டீஸ். ‘ஸ்டேட்டருக்குள் போகிறவர்கள் தாலி, மெட்டி, வளையல், ஊக்கு, ஹேர்பின் கழற்ற வேண்டும். பொட்டு, விபூதி, குங்குமம் கண்டிப்பாகக் கூடாது. உள்ளே போகும் பொருள், வெளியே வரும் பொருள் ரிஜிஸ்தரில் எழுதவும்.’ கீழே கையெழுத்து: கண்ணப்பன், வைண்டிங் ஹெட்.

கண்ணப்பன் சாருக்கு ஐம்பத்தெட்டு வயசு. அவர் நெற்றியில் யாரும் எதையும் பார்த்ததில்லை. ஆயுத பூஜை அன்றுகூட சந்தனத்தை மேஜைக் காலில்தான் வைக்க விடுவார், எந்திரத்தில் வைக்க விடமாட்டார்.

ஒன்பது மணிக்குக் கலைமதி தாலியைக் கழற்றிப் பையில் போட்டாள். மஞ்சள் கயிற்றில் கோத்த மஞ்சள் துண்டை மட்டும் கழுத்தில் கட்டிக்கொண்டு டார்ச்சோடு ஸ்டேட்டருக்குள் தவழ்ந்தாள். டெஸ்டுக்கு முன் கடைசிப் பார்வை.

நூற்றறுபது டன் ஸ்டேட்டர். படுக்கவைத்த பெரிய குழாய் மாதிரி இருக்கும். உள்ளே உட்கார்ந்தால் சுற்றிலும் காயில்கள் விலா எலும்பு மாதிரி வளைந்து வரும். ரப்பர் பாயில் முழங்கால் வைத்து ஒவ்வொன்றாக வெளிச்சம் அடித்துப் பார்த்துக்கொண்டு போனாள். முப்பத்தைந்து. முப்பத்தாறு.

முப்பத்தேழின் வளைவில் ஒரு சிவப்பு.

டார்ச்சைக் கிட்டக் கொண்டுபோனாள். விரல் நகம் அகலத்துக்கு, குங்குமம்.

பார்க்க இத்தனூண்டு பொடிதான். ஆனால் ஈரத்தை இழுக்கும். முப்பத்தோராயிரம் வோல்ட் ஏறும்போது அந்தத் தடத்தில் பொறி ஊர்ந்து போனால், எட்டு மாத வேலை ஒரு நொடியில் கருகும். அதனால்தானே அந்த நோட்டீஸ்.

யார் வைத்திருப்பார்கள் என்று யோசிக்க வேண்டியதே இல்லை. இந்த ஹாலில் முப்பத்தேழாம் நம்பருக்காகச் சாமியைக் கூப்பிட ஒரே ஒருத்திதான் இருக்கிறாள்.

ரிஜிஸ்தரில் எழுதினால் மாமியார் பேர் பட்டியலில் வராது. கேட் பாஸைக்கூட வாங்கிவிடுவார்கள். எழுதாமல் கைக்குட்டையால் துடைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. வாங்குகிற தரப்பிலிருந்து மூன்று அதிகாரிகள் மஞ்சள் ஹெல்மெட்டோடு மேலே கேலரியில் நிற்கிறார்கள். பத்து மணிக்கு டெஸ்ட்.

கலைமதி வெளியே வந்தாள். டேப் மேஜை பக்கம் நேராக நடந்தாள்.

“அத்தே, கொஞ்சம் வாங்க.”

பன்னிரண்டு பேரின் கைகளும் நின்றன. செங்கமலம் உருளையைக் கீழே போட்டுவிட்டாள்.

சுந்தராம்பாள் தலையைத் தூக்கவில்லை. “யாரு கூப்புடறது? மேடமா, மருமவளா?”

“ரெண்டு பேருந்தான்.”

*

காயில் வேகவைக்கும் அடுப்புக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டாள்.

“முப்பத்தேழுல குங்குமம் வெச்சீங்களா?”

“இன்னா குங்குமம்?”

“அத்தே, டைம் இல்ல. வெச்சிருந்தா சொல்லிடுங்க.”

சுந்தராம்பாள் மருமகளை ஏற இறங்கப் பார்த்தாள். “கொசுறு சுத்துனேன். கேட்டே, ஒத்துக்கினேன். பன்னெண்டு பேருக்கு முன்னால நிக்கவெச்சு செவப்புச் சீட்டு ஒட்டுனே, அப்பவும் ஒத்துக்கினேன். இத செஞ்சிருந்தா சொல்லமாட்டேனா?”

“அந்தக் காயிலுக்கு வேற யாரு போய் வெக்கப்போறாங்க?”

“காட்டு. பாக்கறேன்.”

ரிஜிஸ்தரில் இரண்டு பேரையும் எழுதிவிட்டு இரண்டு பேரும் உள்ளே தவழ்ந்தார்கள். சுந்தராம்பாளுக்கு முழங்கால் வலி. பாயில் கை ஊன்றி, முனகிக்கொண்டே வந்தாள். கலைமதி வெளிச்சம் பிடித்தாள். மாமியார் அந்தச் சிவப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மாஸ்க்கை இறக்கி மூக்கைக் கிட்டக் கொண்டுபோய் மோந்து பார்த்தாள்.

“இது பொம்பள வெச்ச பொட்டு இல்ல” என்றாள்.

“எப்படிச் சொல்றீங்க?”

“பொம்பள மோதிர வெரலால வெப்பா. ரவுண்டா குந்தும். இது பாரு, கட்ட வெரலு. கீழேர்ந்து மேல இழுத்துகீது. ஆம்பளைங்க சாமி கும்புட்டுட்டு நெத்தியில இழுத்துக்குவாங்களே, அந்த மாதிரி.”

கலைமதி பார்த்தாள். ஆமாம், நீளமாகத்தான் இருந்தது. மேல்நுனி மெலிந்து போயிருந்தது. அவ்வளவு நேரம் அது அவளுக்குக் கண்ணில் படவே இல்லை.

ஸ்டேட்டரின் வாயோரம் தொங்கிய ரிஜிஸ்தரை எட்டி எடுத்தாள். நேற்று சாயந்திரம் அவளே பார்த்தபோது இந்தச் சிவப்பு இல்லை. அதற்கப்புறம், அவர்களைத் தவிர, உள்ளே போனது ஒரே ஒரு பேர்தான். காலை ஆறு ஐந்துக்கு உள்ளே, ஆறு பன்னிரண்டுக்கு வெளியே. அவள் விரல் அந்த வரியிலேயே நின்றது.

“யாருடி?”

“கண்ணப்பன் சார்.”

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சுந்தராம்பாளுக்குத்தான் வந்தது. மாஸ்க்கை வாயோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். அப்படியும் அடக்க முடியவில்லை. கலைமதிக்கும் தொற்றிக்கொண்டது. நூற்றறுபது டன் செம்புக்கும் இரும்புக்கும் நடுவில் மாமியாரும் மருமகளும் சத்தம் வராமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார்கள்.

“நம்ம நெத்தியில ஸ்டிக்கர் பொட்டு ஆவாதாம்” என்றாள் சுந்தராம்பாள் மூச்சு வாங்கிக்கொண்டு. “இவரு எந்திரத்துக்கே வெப்பாராமா.”

*

கண்ணப்பன் சார் கன்ட்ரோல் மேஜையில் நின்று ஒயரை மூன்றாவது தடவையாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், முப்பத்தேழுல ஒரு சிவப்பு மார்க் இருக்கு” என்றாள் கலைமதி. “ரிஜிஸ்தர்ல எழுதணும். யார் பேர்ல எழுதட்டும்?”

அவர் தன் வலது கட்டைவிரலைப் பார்த்தார். நன்றாகக் கழுவியிருந்தார். ஆனாலும் நகக்கண்ணில் ஒரு கோடு சிவப்பாக இருந்தது.

“வல்லக்கோட்டை முருகன் கோயில் குங்குமம்” என்றார் மெதுவாக. “வீட்ல கொடுத்து விட்டாங்க. வெச்ச உடனே தப்புன்னு தெரிஞ்சுபோச்சு. துடைக்கலாம்னு துணி எடுக்க வந்தேன். அதுக்குள்ள இவங்க வந்துட்டாங்க. அதுலேர்ந்து கூடவே நிக்கிறாங்க.” கேலரிப் பக்கம் கண்ணைக் காட்டினார்.

“முப்பத்தேழுக்கு மட்டும் எதுக்கு சார்?” என்று கேட்டாள் சுந்தராம்பாள். இப்போது சிரிப்பு இல்லை. “என் கைவேல மேல நம்பிக்க இல்லியா?”

“அப்படி இல்லம்மா. ஒருதடவை ரிஜெக்ட் ஆன காயில். ராத்திரி கண்ணை மூடினா அது ஒண்ணுதான் நிக்குது. இந்த வேலையில மூணு தடவை டெஸ்ட்ல புகை பாத்திருக்கேன். அந்தப் பயம்.” கலைமதியைப் பார்த்தார். “துடைச்சிடலாம்மா. எழுதித்தான் ஆகணுமா?”

நாலு பேர் பட்டியல் அவர் சட்டைப் பையில் இருந்தது. வெளியே காகித முனை தெரிந்தது. எழுதிவிட்டு அவரிடமே போய் மாமியார் பேருக்காக நிற்க முடியாது. அவள் பேனா மூடியைத் திறந்தாள், மூடினாள்.

“எழுதணும் சார்” என்று குரல் வந்தது.

சொன்னது சுந்தராம்பாள்.

“எனக்கு எழுதுனா இல்ல? சொந்த மாமியாருன்னு பாத்தாளா? கொசுறுக்குச் செவப்புச் சீட்டுன்னா குங்குமத்துக்கும் அதே சீட்டுதான். இன்னிக்கு உங்களுக்கு எழுதலன்னா அன்னிக்கு எனக்கு எழுதுனது தப்பாயிடும். அது தப்பு இல்ல சார். அது சரி.”

கடைசி இரண்டு வார்த்தையை அவள் மருமகளைப் பார்க்காமல் சொன்னாள். சொல்லி முடித்ததும் அவள் கண்ணும் அந்தச் சட்டைப் பைக்குப் போய்த் திரும்பியது.

கண்ணப்பன் சார் கையை நீட்டினார். கலைமதி பேனாவைக் கொடுத்தாள். அவரே எழுதினார். ‘காயில் 37. குங்குமம். வைத்தது: கண்ணப்பன். துடைத்தது:’ அங்கே நிறுத்தி நிமிர்ந்தார்.

“என் பேரப் போடுங்க” என்றாள் சுந்தராம்பாள்.

நூல் உதிராத வெள்ளைத் துணி, ஸ்பிரிட். மறுபடி உள்ளே தவழ்ந்தாள். ஒரு துணி சிவப்பாக வந்தது. இரண்டாவது ரோஸ். மூன்றாவது வெள்ளை. நாலாவதையும் துடைத்து வெள்ளையாகவே கொண்டுவந்து நீட்டினாள்.

“பாத்துக்கோங்க மேடம்.”

“மூணே போதும் அத்தே.”

“நாலாவது கொசுறு. இதுல அளவு ஏறாது இல்ல?”

*

எழுதியதை முதலில் படித்தது கேலரியில் இருந்த அதிகாரி அம்மாள்தான். கீழே இறங்கிவந்து, தானே டார்ச் வாங்கிக்கொண்டு உள்ளே போய்ப் பார்த்தார். வெளியே வந்து, “ஆரம்பிங்க” என்றார். மணி பத்தே முக்கால்.

யாரும் கிட்டே போகாமலிருக்க சுற்றிலும் மஞ்சள் கயிறு கட்டினார்கள். மேலே சிவப்பு விளக்கு சுழன்றது. ஹாலில் கம்ப்ரஸர், கிரேன், ஃபேன் எல்லாம் நிறுத்தியாயிற்று. நூறு பேர் நின்ற இடத்தில் மூச்சுச் சத்தம்தான்.

காயில்களை மூன்று கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு நிமிஷம். முப்பத்தேழு மூன்றாவதில்.

முதல் நிமிஷம். கடிகாரப் பலகையில் எண் ஏறியது. ஸ்டேட்டருக்குள்ளிருந்து ‘ஸ்ஸ்ஸ்’ என்று, தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி, ஆனால் அடங்காத சத்தம். அறுபது. நின்றது.

இரண்டாவது நிமிஷம். அறுபது. நின்றது.

மூன்றாவதுக்கு ஒயர் மாற்றும்போது செங்கமலம் சுந்தராம்பாளின் கையைப் பிடித்தாள்.

“போடுங்க” என்றார் கண்ணப்பன் சார்.

பத்து. இருபது. சத்தம் கொஞ்சம் கூடினது போல இருந்தது. கலைமதி மீட்டரையே பார்த்தாள். முள் நகரவில்லை. முப்பது. முப்பத்தைந்து. முப்பத்தேழு வந்தபோது சுந்தராம்பாள் கண்ணை மூடிக்கொண்டாள். நாற்பத்தெட்டு. யாரோ இருமினார்கள், பத்துப் பேர் திரும்பி முறைத்தார்கள். ஐம்பத்தைந்து. ஐம்பத்தொன்பது.

அறுபது.

வோல்டேஜ் இறங்கியது. நீளக் கழியால் தொட்டு மிச்சக் கரண்டை மண்ணில் இறக்கினார்கள். அதிகாரி அம்மாள் காகிதத்தில் குனிந்து எழுதினார். கண்ணப்பன் சார் அந்தக் காகிதத்தை எட்டிப் பார்த்துவிட்டு இரண்டு கையையும் மேலே தூக்கினார்.

அப்புறம் ஹாலில் எழுந்த சத்தத்தில் பக்கத்து ஷெட் ஆட்களெல்லாம் ஓடிவந்துவிட்டார்கள். செங்கமலம் டேப் உருளையைத் தூக்கி மேலே எறிந்தாள். “கண்ணத் தொறடி, ஓடிப்போச்சு அறுபது” என்று சுந்தராம்பாளை உலுக்கினாள்.

சுந்தராம்பாள் கண்ணைத் திறந்து முதலில் தேடியது மருமகளைத்தான். கலைமதி மீட்டர் பக்கத்திலிருந்து கட்டைவிரலை மட்டும் உயர்த்திக் காட்டினாள்.

*

நாலு மணிக்கு யார்டில் திருவிழா மாதிரி கூட்டம். இரண்டு கிரேன் சேர்ந்து தூக்கி வைத்து, தார்ப்பாய் கட்டியாயிற்று. நடேசன் எலுமிச்சம்பழ மூட்டையோடு குனிந்து குனிந்து ஒவ்வொரு சக்கரத்துக்கு முன்னாலும் வைத்துக்கொண்டு போனார். எழுபதாவது சக்கரத்தைத் தாண்டும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“அண்ணாச்சி, முன்னால நாலு வெச்சா போதும்லா. எதுக்குக் கெடந்து கஷ்டப்படுதீக?” என்றான் மாரிசெல்வம். ட்ரெய்லரின் பின்சக்கரங்களை ரிமோட்டால் திருப்பிக்கொண்டே கூட நடந்து வருகிறவன்.

“நாலுக்கு வெச்சிட்டு மீதி நூத்தி இருபத்திநாலு கோச்சிக்கினா நீ பாத்துப்பியா?”

“அதுவுஞ் சரிதான்.” அவனும் குனிந்து வைக்க ஆரம்பித்தான். “இது போற எடத்துல இருந்து எங்கூரு பத்து கிலோமீட்டருதான் அண்ணாச்சி. நான் அங்கன இருந்து இங்க வேலைக்கு வந்தேன். இது இங்க இருந்து அங்கன வேலைக்குப் போவுது.”

பூசணிக்காய் உடைத்தார்கள். ட்ரெய்லர் உறுமியது. நூற்று இருபத்தெட்டுப் பழமும் வரிசையாகப் பட்பட்டென்று வெடித்தன, தீபாவளிச் சரம் மாதிரி. டீசல் புகையை மீறிக்கொண்டு யார்டு முழுக்க எலுமிச்சை வாசம்.

கண்ணப்பன் சார் பட்டியலைக் கலைமதியிடம் நீட்டினார். முதல் பேரே சுந்தராம்பாள்.

“காலைலயே எழுதினதும்மா. மாத்தல” என்றார். “மாத்தணும்னு தோணவும் இல்ல.”

கலைமதி கையெழுத்துப் போட்டாள். நாலாவது பேருக்குக் கீழே பச்சை மையில் ஐந்தாவதாக ஒரு பேர் இருந்தது. அவளுடையது.

“அது அந்த ஆபீசர் அம்மா எழுதினது. குங்குமத்தைக்கூட விடாம எழுத வைக்கிற இன்ஸ்பெக்டர் எங்க சைட்லயும் வேணும்னுட்டாங்க. அஞ்சு பேருக்கும் ஒரே ரூம்தான் கிடைக்கும், பரவால்லியா?”

“நாப்பத்தஞ்சு நாளு ரெண்டு பேருமா?” நடேசன் எலுமிச்சைச் சாறு வழியும் கையோடு வந்து நின்றார். “அப்ப எனக்குச் சோறு?”

“உம் புள்ளைக்கு ரசம் வெக்கத் தெரியும்” என்றாள் சுந்தராம்பாள். “அவங்கிட்ட கேளு. நேரா கேளு. எங்க கிட்ட சொல்லிவுடாத.”

*

திரும்பி வரும் பஸ்ஸில் இரண்டு பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். செங்கமலம் எட்டிப் பார்த்துவிட்டு, “பஸ்ஸுக்குத் திருஷ்டி சுத்திப் போடணும்” என்றாள்.

சுந்தராம்பாள் மடியிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கலைமதியின் கையில் வைத்தாள்.

“மீந்துச்சா?”

“கடக்காரன் கொசுறு போட்டானாம் உங்க மாமாவுக்கு. வெச்சிக்கோ.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனதும், “உங்க ரூம்பு ஃபேன் சரியா சுத்த மாட்டேங்குது. ரெண்டு பேரும் வெந்து போறீங்க. எங்க ரூம்புது நல்லா ஓடுது. ஊருக்குப் போறதுக்குள்ள ஸ்ரீதர வுட்டு மாத்தி மாட்டிடச் சொல்றேன்” என்றாள்.

“உங்களுக்கு?”

“எனக்குக் காத்து இல்லாம தூங்கிப் பழக்கம்.”

கலைமதி பழத்தை உருட்டிக்கொண்டே இருந்தாள். அப்போது மடியில் போன் அதிர்ந்தது. ஸ்ரீதர். அவனுக்குக் கார் கம்பெனியில் இன்றைக்கு வாரலீவு. காலையில் சொல்லாமல் எங்கேயோ பைக் எடுத்துக்கொண்டு போனதாக மாமா சொல்லியிருந்தார்.

ஒரு போட்டோ. அவன் உள்ளங்கையில் ஒரு சாவி, சிவப்பு ரிப்பன் கட்டியது. கீழே எழுதியிருந்தான். ‘பென்னலூர்ல வூடு கிடைச்சிடுச்சு. நீ அன்னிக்கு சொன்ன மாதிரியே தனி வூடு. ஒண்ணாம் தேதி பால் காய்ச்சிடலாம். அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்.’

சிவப்புச் சீட்டு ஒட்டிய அன்று கோபத்தில் சொன்னது அவளுக்கு இப்போது வார்த்தை வார்த்தையாக ஞாபகம் வந்தது. ‘எனக்குத் தனியா ஒரு வூடு பாரு. இல்லன்னா நான் எங்கம்மா வூட்டுக்குப் போறேன்.’ அவன் “ம்” என்றான். பத்தொன்பது நாளாகத் தேடியிருக்கிறான்.

போனைக் கவிழ்க்க நினைத்தாள். ஒரு கையில் எலுமிச்சம்பழம் இருந்தது.

“ஸ்ரீதரா?” சுந்தராம்பாள் சிரித்த முகத்தோடு அவள் தோளில் சாய்ந்து போனுக்குள் எட்டிப் பார்த்தாள். எழுத்துக்கூட்ட அவளுக்கு நேரமாகும். படத்துக்கு அது தேவைப்படவில்லை.

“இன்னாடி சாவி இது? எந்த வூட்டுது?”